ஏழாம் நம்பரில் பழுப்பு

சோடா ஊற்றிய கண்ணாடி டம்ளரை அக்கா விரல் நகத்தால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருக்கிறார். கடைசிக் குமிழி மேலே வந்து உடையும்வரை குடிக்க மாட்டார். "இதுக்குப் பச்சத்தண்ணியே குடிச்சிட்டுப் போகலாமே!" என்கிறார் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் கணவர். கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவருகிறார். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க" என்பது அதே நாளிலிருந்து வரும் பதில்.

அலுவலகத்தில் இவருக்குக் குமிழியக்கா என்று பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பது சந்தேகம்தான்.

வேலை, ஆற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு எடுப்பது. மலையடிவாரத்தில் ஆரம்பித்து ஆறு கடலில் கலக்கும் இடம்வரை பன்னிரண்டு இடங்கள், மாதம் ஒருமுறை. தொடைவரை ஏறும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். தன் கால் கிளப்பும் சேறு பாட்டிலுக்குள் போகக்கூடாது என்று தண்ணீர் வரும் திசையைப் பார்த்துத்தான் நிற்பார். அதே ஆற்றுத் தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை அலசுவார். கரையில் ஜீப்பில் சாய்ந்து நிற்கும் டிரைவர் தம்பிக்கு வாய் சும்மா இருக்காது. "கல்யாணப் பொண்ணக்கூட இத்தன தடவ குளிப்பாட்ட மாட்டாங்கக்கா!"

அக்காவின் உயிர் இருப்பது சின்னக் கண்ணாடி பாட்டில் ஒன்றில். அதைத் தண்ணீருக்குள்ளேயே நிரப்பி, உள்ளேயே மூடிபோட வேண்டும். பிறகு இரண்டு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கவிழ்த்தால், மீன் சுவாசிக்கும் அளவு தண்ணீரில் காற்று கரைந்திருந்தால் பழுப்பாக மாறும். காற்றே இல்லையென்றால் வெறும் வெள்ளை. கடுகளவு குமிழி உள்ளே புகுந்தாலும் போதும், செத்த தண்ணீர் உயிரோடிருப்பதாகப் பாட்டில் பச்சைப் பொய் சொல்லிவிடும். அக்காவுக்கும் குமிழிக்கும் ஆகாமல் போனது இப்படித்தான்.

ஏழாம் நம்பர் இடம், காகித ஆலைக்குக் கீழே, பழைய பாலத்தடியில் இருக்கிறது. பதினோரு வருஷமாக அங்கே வெள்ளைதான். டிரைவர் அதை ஏழரை என்றுதான் சொல்வார். அக்கா ஒரு மாதம்கூட அதைத் தவறவிட்டதில்லை. வெள்ளை, வெள்ளை என்று அவர் எழுதி எழுதி அனுப்பியதில்தான் ஆலை போன வருஷம் கழிவைச் சுத்தம் செய்யத் தொட்டி கட்டியது என்று ஒரு பேச்சு உண்டு. "பின்ன? அக்கா நச்சரிப்ப ஆலையா தாங்கும்?" என்பார் டிரைவர்.

தொட்டி கட்டியும் வெள்ளை மாறவில்லை. புதிதாக வந்த அதிகாரி பட்டியலைப் பார்த்தார். ஏழாம் நம்பரை அடித்தார்.

"செத்த இடத்துக்கு மாசாமாசம் போய் நாடி பாக்கணுமாம்மா?"

"நாமளும் போகலன்னா, அப்புறம் அது பொழச்சாக்கூட யாருக்கு சார் தெரியும்?"

அதிகாரி பேனாவை மூடினார். புதுப் பட்டியல் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தலைமை அலுவலகம் போகிறது என்று மட்டும் சொன்னார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் ஏழாம் நம்பரில் அக்கா கடைசித் தடவை என்றுதான் இறங்கினார். பாட்டிலை நிரப்பினார், மருந்தை விட்டார், கவிழ்த்தார். அடுத்து அவர் போட்ட சத்தத்தில் பாலத்தின் மேல் போன சைக்கிள்காரர் பிரேக் பிடித்தார்.

"என்னக்கா, பாம்பா?" டிரைவர் ஓடிவந்தார்.

"பழுப்பு! தம்பி, பழுப்பு!"

"பழுப்புப் பாம்பா?"

அக்கா தண்ணீருக்குள்ளேயே குதித்தார். ஐம்பது வயதில், ரப்பர் பூட்ஸோடு! ஈரக் கையாலேயே அதிகாரிக்குப் போன் போட்டார். அந்த மனிதர் சாவகாசமாகச் சொன்னார்: "குமிழி போயிருக்கும்மா."

யாரிடம் எதைச் சொல்கிறார்! பெற்ற பிள்ளையைத் திட்டியிருந்தால்கூட அக்கா பொறுத்திருப்பார். "அப்போ நீங்களே வாங்க சார். உங்க கையாலயே எடுங்க. அஞ்சு மணிக்குள்ள வாங்க" என்று போனை வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் சந்தேகம் வந்தது. ஆசையில் கண் மறைத்து, நிஜமாகவே ஒரு குமிழியைக் கோட்டை விட்டிருந்தால்? ஏழாம் நம்பரும் போகும், பதினோரு வருஷப் பேரும் போகும்.

அதிகாரி நாலு மணிக்கு வந்தார். பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, "ஐயோ, வழுக்குதே, வழுக்குதே" என்று அக்காவின் தோளைப் பிடித்தபடி இறங்கினார். மூன்று முறை அலசினார். பாட்டிலை நிரப்பி மூடினார். அக்கா வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"கொட்டுங்க சார்."

மறுபடி நிரப்பினார்.

"கொட்டுங்க."

"கண்ணுக்கே தெரியலயேம்மா!"

"எனக்குத் தெரியுது."

மூன்றாம் முறை அக்கா வெகுநேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மருந்தை அக்காவே விட்டார். முதல் மருந்து போனது. இரண்டாவதும் போனது. அதிகாரி பாட்டிலைக் கவிழ்த்தார். உள்ளே திப்பிதிப்பியாக ஏதோ கலங்கியது, என்ன நிறம் என்று புரியவில்லை. டிரைவர் கரையிலிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு பாலில் டிகாஷன் இறங்குவதுபோல, மேலிருந்து கீழ்வரை, பழுப்பு.

"அக்கா!" என்றார் அதிகாரி. அதுவரை அம்மா, அம்மா என்று கூப்பிட்டவர். "அக்கா, இது நிஜம்க்கா!"

ஆற்றில் நின்றபடியே அலுவலகத்துக்குப் போன் செய்தார். "பட்டியல அனுப்பாதீங்க. பதினொண்ணு இல்ல, பன்னெண்டு. ஏழும் இருக்கு. ஏன்னா? ஏன்னா இருக்கு, அவ்வளவுதான்!" சொல்லிவிட்டு ஒரு எட்டு வைத்தவர் வழுக்கி, இடுப்புவரை நனையத் தண்ணீரில் உட்கார்ந்தார். டிரைவர் சிரித்த சிரிப்பில் அதிகாரியும் சிரித்துவிட்டார். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து விக்கல் எடுத்தது.

திரும்பும்போது மற்ற பாட்டில்கள் எல்லாம் ஐஸ் பெட்டிக்குள் வரிசையாக உட்கார்ந்தன. அதிகாரி எடுத்தது மட்டும் அக்காவின் கையிலேயே இருந்தது.

"வெளிச்சம் படக்கூடாதுன்னு நீங்கதானேக்கா சொல்வீங்க? பெட்டியில வைங்க" என்றார் டிரைவர்.

அக்கா தலைத்துண்டை அவிழ்த்துப் பாட்டிலைச் சுற்றினார். முன்சீட்டில் ஏறி அதை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, சீட் பெல்ட்டை இழுத்து இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டார்.