கல்யாணக் காரும் தில்லியில் ஒரு விவாதமும்

உதியன்குளங்கரை தாண்டி அமரவிளைக்குப் போகும் வழியில் ஒரு கார் என் ஸ்கூட்டரை உரசிவிட்டு நிற்காமல் போனது. நான் கேரள எல்லைக்குள் பாறசாலைப் பக்கத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. அன்று காலை பள்ளிக்கூட வேலையாக நெய்யாற்றின்கரைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தலைக்கவசம் இருந்ததால் தலை தப்பியது. வலது தொடை எலும்பு முறிந்து, சேலை முழுக்க ரத்தம்.

ஆட்கள் சீக்கிரம் கூடிவிட்டார்கள். ஒருவர் எனக்கு வெயில் படாமல் குடை பிடித்தார். ஒருவர் என் பையை எடுத்துப் பத்திரமாகப் பக்கத்தில் வைத்தார். ஆனால் என்னைத் தூக்க யாரும் வரவில்லை. "தொடண்டா, கேஸாகும்" என்று, தொடவேண்டாம் என ஒரு குரல் மலையாளத்தில் தடுத்தது. அதில் கெட்ட எண்ணம் இல்லை, பயம்தான். தொட்டவன் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நடக்கவேண்டி வரும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆம்புலன்ஸ் வேறொரு இடத்துக்குப் போயிருக்கிறது, வரத் தாமதமாகும் என்று யாரோ சொல்வதும் கேட்டது.

அப்போதுதான் பூ அலங்காரத்தோடு ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. களியக்காவிளையிலிருந்து காட்டாக்கடையில் இருக்கும் ஒரு கிறிஸ்தவ சபைக்கு, கல்யாணத்துக்குப் போகிற கார். முதலில் இறங்கியது கல்யாணப் பெண்தான். வெள்ளைப் பட்டும் தலையில் வலையுமாக அவள் என் பக்கத்தில் வந்து குனிந்ததை நான் மயக்கத்தில் கண்ட கனவென்றே நினைத்தேன்.

"மாமா, இவிய இங்க கெடந்தா செத்துப்போவாவ. வண்டியில ஏத்தணும்" என்றாள்.

காரை ஓட்டிவந்தவர் அவளுடைய தாய்மாமன். தமிழ்நாட்டுப் பக்கம் களியக்காவிளையில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். அவளுக்கு அப்பா இல்லை. சபைக்குள் அவளைக் கைபிடித்து அழைத்துப்போக வேண்டியவர் அவர்தான். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். பிறகு கூடி நின்றவர்களிடம், "காலு அசையாம பிடிக்கணும். ரெண்டு பேரு வாங்க" என்றார். அவர் கேட்டதும் இரண்டு பேர் அல்ல, நிறைய பேர் வந்தார்கள். குடை பிடித்தவரும் வந்தார். யாராவது ஒருவர் முதலில் தொடவேண்டும் என்றுதான் அத்தனை பேரும் காத்திருந்திருக்கிறார்கள்.

கல்யாணப் பெண்ணின் அம்மா முன்சீட்டுக்குப் போனார். கூட வந்த பெண்கள் இறங்கி ஆட்டோ பிடித்தார்கள். மருத்துவமனை வரைக்கும் என் தலை அந்தப் பெண்ணின் மடியில் இருந்தது. "பேடிக்காண்டாம் டீச்சர், தோ வந்தாச்சு" என்று என் பயம் தெளியச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் டீச்சர் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. என் பையிலிருந்த விடைத்தாள் கட்டைப் பார்த்திருக்கலாம்.

அவசரப் பிரிவில் என்னை உள்ளே கொண்டுபோன பிறகு நடந்ததைப் பின்னால் என் கணவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். போலீஸ் வரும்வரை கொண்டுவந்தவர் போகக்கூடாது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். கல்யாணப் பெண், மாமா இல்லாமல் நான் போகமாட்டேன் என்று அழுதிருக்கிறாள்.

"நீ போ மக்கா. அங்க எல்லாரும் காத்து நிக்குதாவ. நான் பொறவு வாறேன்" என்று அவர் அவளை வேறொரு வண்டியில் அம்மாவோடு ஏற்றி அனுப்பினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது கல்யாணம் முடிந்து சாப்பாட்டுப் பந்தியும் முடிந்திருந்தது. ரத்தக்கறை படிந்த பட்டின் மேல் யாரோ ஒரு துப்பட்டாவை மடித்துக் குத்திவிட, அம்மா கைபிடித்து அழைத்துப்போகத்தான் அவள் கல்யாணம் நடந்தது.

அதோடும் முடியவில்லை. காரின் முன்பக்கத்தில் பழைய நசுங்கல் ஒன்று இருந்ததாம். இடித்தது நீதானா என்று கேட்டு, போலீஸ்காரர்கள் காரைக் கொண்டுபோய் ஸ்டேஷன் வளாகத்தில் நிறுத்திவிட்டார்கள். பூவெல்லாம் காய்ந்து கண்ணாடியில் ஒட்டியபடி அது அங்கே நின்றதை என் கணவர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். நான் பேசும் நிலைக்கு வந்து, இடித்தது சிவப்புக் கார் என்று வாக்குமூலம் கொடுத்த பிறகுதான் விட்டார்கள். அதற்குப் பிறகும் சாட்சி சொல்ல வா என்று எல்லை தாண்டிப் பலமுறை வரச்சொன்னார்கள். கடையை அடைத்துவிட்டு வந்தார். வரும்போதெல்லாம் கையில் மட்டிப்பழச் சீப்போடு என் வீட்டுக்கும் வந்தார்.

ஒருமுறை நான் தாங்காமல், "எனக்க காரணம் உங்களுக்கு எவ்வளவு பாடு அண்ணே" என்று அழுதுவிட்டேன்.

"நீங்க எழும்பி நடந்தா அது போதும் டீச்சரே. ஸ்டேஷன்ல நல்ல சாயா கிட்டும், தெரியுமா?" என்று சிரித்தார்.

நான் வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கிய சமயத்தில்தான் மோட்டார் வாகனச் சட்டத் திருத்த மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. முன்பும் அப்படி ஒரு மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் முடங்கிப்போயிருந்தது. அபராதம் பலமடங்காகும் என்பதுதான் பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் இருந்தது. அடிபட்டவருக்கு உதவுகிறவர்களைப் பாதுகாக்க ஒரு பிரிவு உண்டு என்று உள்ளே சின்னதாகப் போட்டிருந்தார்கள். நான் அதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் தனியாக வரவில்லை. மருமகளும் அவள் கணவனும் கூடவே வந்தார்கள். அவன் நாக்பூரில் வேலை பார்த்தவன், இந்தி தெரியும்.

எங்கள் வீட்டு முன்னறையில் எல்லோரும் உட்கார்ந்து நாடாளுமன்றம் பார்த்தோம். கிரிக்கெட் தவிர வேறெதற்கும் அந்தத் தொலைக்காட்சி முன்னால் அத்தனை பேர் உட்கார்ந்ததில்லை. ஒவ்வொரு உறுப்பினராக எழுந்து பேசினார்கள். மாநிலங்களின் அதிகாரத்தைத் தில்லி எடுத்துக்கொள்கிறது என்று சிலர் எதிர்த்தார்கள். அரசுப் பேருந்துகளின் கதி என்னவாகும் என்று சிலர் கேட்டார்கள். எனக்கு அவர்களின் கவலையும் நியாயமாகத்தான் பட்டது. நாக்பூர்க்காரன் கேட்டுக் கேட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அபராதம் கூட்டட்டு. ரோட்டில கெடக்க குழிக்கு ஆரு அபராதம் கெட்டுவா?" என்றார் அண்ணன்.

"அதும் உண்டு மாமா. ரோடு மோசமாப் போட்டு ஆளு செத்தா, போட்டவனும் கெட்டணுமாம்."

"உள்ளதா? அப்ப நல்ல சட்டம் ஆக்கும்."

சாயா ஆறிப்போனது. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்திருந்ததை யாரும் தொடவில்லை. ஒருவழியாக நாங்கள் காத்திருந்த பேச்சு வந்தது. அடிபட்டவருக்கு நல்ல எண்ணத்தோடு உதவுகிறவர் மேல் வழக்கு போடக்கூடாது, விவரம் கேட்டு அவரைத் துன்பப்படுத்தாமலிருக்க விதிகள் வரும். இது உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லியிருந்ததுதானாம். ஆனால் எங்கள் சாலைவரை அது வந்துசேர்ந்திருக்கவில்லை.

நாக்பூர்க்காரன் சொல்லி முடித்தான். அந்தப் பெண் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே, "எலே, நம்மளப் பத்தியா இவ்வளவு பெரிய ஆளுவ பேசுதாவ?" என்று கேட்டார்.

"உங்களப் பத்தித்தான் மாமா" என்றாள் அவள்.

அவர் எழுந்து வெளியே போனார். கண் துடைக்கத்தான் போனார் என்று எங்களுக்குத் தெரிந்தது. திரும்பி வந்து, ஆறின சாயாவை ஒரே மடக்கில் குடித்தார். சாயங்காலம் வாக்கெடுப்பு முடிந்து மசோதா நிறைவேறியது. அதிலிருந்த சில அச்சுப் பிழைகளைத் திருத்த அது மறுபடியும் மக்களவைக்குப் போகவேண்டியிருந்தது என்று பிறகு படித்தபோது, விடைத்தாள் திருத்துகிறவளுக்குச் சிரிப்பு வந்தது.

சட்டம் வந்ததால் சாலை மறுநாளே மாறிவிடவில்லை. இன்றும் உதியன்குளங்கரையில் பஸ்கள் முட்டிமோதித்தான் போகின்றன. என்னை இடித்த சிவப்புக் காரும் கிடைக்கவில்லை. இருந்தாலும் நான் கண்ட ஒன்றைச் சொல்லவேண்டும்.

சில வருஷங்கள் கழித்து ஒருநாள் மத்தியானம் அண்ணன் போன் செய்தார். பின்னணியில் ஆஸ்பத்திரிச் சத்தம். உங்களுக்கு என்னவென்று பதறிக் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சரே. வெள்ளறடைக்குப் போகுத வழியில ஒரு பைக்குக்காரன் ரப்பர் லோடு வண்டியில இடிச்சுக் கெடந்தான். நான் கொண்டுவந்து சேத்தேன். அவனுக்கு நெனவு உண்டு, பேசுதான்."

"உங்கள அங்க இருக்கச் சொன்னாவளா?"

"அதைச் சொல்லத்தான் விளிச்சேன். பேருகூடக் கேக்கல! இஷ்டம் உண்டெங்கி சொல்லலாம், இல்லெங்கி போகலாம்னு அந்த நர்ஸு பிள்ள சொல்லுது. சுவருல போர்டும் வச்சிருக்கு."

"அப்ப பொறப்பட்டாச்சா?"



"இல்ல. பேரும் போன் நம்பரும் நானாக் குடுத்தேன். சாட்சி வேணுமெங்கி விளிங்க, வாறேன்னும் சொன்னேன். நிர்பந்திச்சா எரிச்சல் வரும் டீச்சரே. மரியாதைக்குக் கேட்டா, வராம இருக்க ஒக்குமா?"

நான் போனை வைத்தேன். தில்லியில் அன்று எழுந்து பேசியவர்களில் ஒருவரும் இவரைப் பார்த்ததில்லை. இவரும் அவர்களில் ஒருவர் பெயரையும் நினைவில் வைத்திருக்கவில்லை. இரண்டு தரப்புக்கும் சேர்த்து நன்றி சொல்ல எனக்குத்தான் கொடுத்துவைத்திருக்கிறது.

என் தொடையில் இன்னும் கம்பி இருக்கிறது. மழைக்காலத்தில் வலிக்கும். போன மாதம் அந்தப் பெண்ணின் மகனுக்குப் பிறந்தநாள். காட்டாக்கடைக்கு நானும் கணவரும் பஸ்ஸில் போனோம். என்னைக் கண்டதும் அவள் உள்ளேயிருந்து ஓடிவந்து, படியேறக் கைகொடுத்தாள்.