அத்தைக்கு ரேகை இல்லை

இயந்திரங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. கைத்தொலைபேசி என் முகத்தைப் பார்த்துத் திறந்துகொண்டால், இது வேறு யார் யாருக்கெல்லாம் திறக்குமோ என்றுதான் முதலில் தோன்றும். வங்கியில் விரலை வைக்கச் சொன்னால் எதற்கு என்று கேட்பேன். ஈப்போவிலேயே கற்காலத்தில் வாழும் கடைசிப் பெண் நான்தான் என்று என் கணவர் கேலி செய்வார். எனக்கு ஒன்றும் அவ்வளவு வயதாகிவிடவில்லை, முப்பத்து மூன்றுதான். ஒரு காலத்தில் நானும் இயந்திரங்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவள்தான். அப்போதெல்லாம் மனிதர்கள் மேல்தான் எனக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்தில் முதலில் வந்து மாட்டிக்கொண்டவர் என் அத்தை.

எனக்குப் பத்து வயது. ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். அப்பா ஒரு சின்ன நிறுவனத்தில் டெக்னீஷியன். திருட்டு அலாரம், கண்காணிப்புக் கேமரா, வேலையாட்கள் வந்ததையும் போனதையும் பதிந்துகொள்ளும் விரல்ரேகை மெஷின் என்று கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பொருத்திவிட்டு வருவார். உலகத்தில் உள்ள எல்லாவற்றைப் பற்றியும் அவரிடம் ஒரு கருத்து இருந்தது. சாயங்காலத் தேநீர் ஆறுவதற்குள் அதில் மூன்றையாவது சொல்லி முடிப்பார். கணினி விளையாட்டு பிள்ளைகளின் மூளையைக் கரையான் மாதிரி அரிக்கும். விஞ்ஞானம் படிக்காதவன் பாதிக் குருடன். நம் ஆட்கள் முன்னேறாததற்குக் காரணம், எந்த இடத்துக்கும் நேரத்துக்குப் போகாததுதான்.

"மெஷின் பொய் சொல்லாது லா. மனுசன்தான் சொல்லுவான்," என்பார் கடைசியாக. அது அவருக்குச் சாமி கும்பிட்டு முடித்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வது மாதிரி.

கணினி விளையாட்டு மூளையை அரிக்கும் என்ற அதே அப்பாதான் இரவுச் சந்தையிலிருந்து எனக்கு ஒரு விளையாட்டு வட்டு வாங்கிவந்தார். துப்பறியும் விளையாட்டு. கைரேகை எடுப்பது எப்படி என்று அதில் ஒரு பாடம் இருந்ததாம். அதனால் அது விளையாட்டில் சேராது, விஞ்ஞானத்தில் சேரும் என்று அம்மாவிடம் வாதாடி ஜெயித்தார்.

நான் அந்த விளையாட்டில் ஊறிப்போனேன். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வீடு, ஒரு திருட்டு, ஐந்தாறு சந்தேக நபர்கள். கோப்பையிலும் கதவுப் பிடியிலும் தூளைத் தூவி ரேகையைக் கண்டுபிடிக்க வேண்டும். கடைசிக் கட்டம்தான் கஷ்டம். அதில் வரும் திருடன் எங்கேயும் ரேகையே விடமாட்டான், ஏனென்றால் தன் விரல் நுனிகளை அவனே தேய்த்து அழித்திருப்பான். எல்லாரிடமும் நன்றாகப் பேசுவான், எல்லாருக்கும் உதவி செய்வான். அவனைப் பிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. நல்லவர்களைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் நல்லவர் என்றால் அத்தைதான். அப்பாவின் அக்கா. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து அங்கேயே வேலை செய்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தோட்டத்தை விற்று, மரத்தையெல்லாம் வெட்டி, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளையும் இடித்துத் தள்ளியபோது ஒரே ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு நாள்கூட வேலையில்லாமல் இருந்ததில்லை என்று சொல்வார். வந்த முதல் வாரம் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஜன்னல் கம்பிகளை எல்லாம் துடைத்தார், இரண்டாவது வாரம் மறுபடியும் துடைத்தார். மூன்றாவது வாரம் அப்பா, தான் விரல்ரேகை மெஷின் பொருத்தியிருந்த ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் சொல்லி அவருக்கு வேலை வாங்கித் தந்தார். வாளிகளை அடுக்கிக் கட்டும் வேலை. நீலச் சட்டையும் அடையாள அட்டையும் கொடுத்தார்கள். அத்தை அந்த அட்டையை வீட்டுக்குள்ளும் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தார்.

ஒரு பள்ளி விடுமுறையில் நான் வீட்டார் எல்லாருடைய ரேகையையும் எடுத்தேன். எவர்சில்வர் தம்ளரில் முகப் பவுடரைத் தூவி, தூரிகையால் தட்டி, ஒட்டும் டேப்பால் எடுத்து, கறுப்புத் தாளில் ஒட்டி நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு வைத்தேன். அம்மாவின் ரேகை கொஞ்சம் கலைந்திருந்தது. என்னுடையது பொடிப்பொடியாக இருந்தது. அப்பாவினுடையதுதான் அச்சடித்த மாதிரி. சுழி, வளைவு, கோடு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணலாம். அப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இப்படி ஒரு ரேகை கிடைத்தால் எந்த மெஷினும் கும்பிடு போடும் என்று பெருமையாகச் சொன்னார்.

அத்தையின் தம்ளரில் ஒன்றும் இல்லை. விரல் பட்ட இடம் தெரிந்தது, ஆனால் வெண்ணெய் தடவிய மாதிரி வெறும் வழவழப்பு. ஐந்து தம்ளர்களில் முயன்றேன். ஐந்திலும் அதே. அத்தையின் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, அதன் கீழே 'சந்தேகம்' என்று மட்டும் எழுதினேன்.

அதற்குப் பிறகு நான் அத்தையைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். அவர் எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தால், ஏன் இவ்வளவு அன்பு என்று யோசித்தேன். மூன்றாம் நாள் விடியும் நேரத்தில் கையும் களவுமாகப் பிடித்தேன் என்றே நினைத்தேன். பின்பக்கக் குழாயடியில் அத்தை குந்தியிருந்தார். ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்துக் கட்டைவிரலைத் துடைத்தார். பிறகு ஒரு செங்கல் துண்டை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அந்த விரலை அதில் தேய்த்தார். கழுவினார், வெளிச்சத்தில் பார்த்தார், மறுபடியும் தேய்த்தார். மறுநாளும் அதே. விளையாட்டில் வந்த திருடனைப் போல என் சொந்த அத்தை என் கண் முன்னால் ரேகையை அழித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. அதோடு சேர்ந்து ஒரு சந்தோஷமும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த வாரமே அப்பாவுக்கு அவருடைய முதலாளியிடமிருந்து அழைப்பு வந்தது. முதலாளி கத்தியது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. பிளாஸ்டிக் கம்பெனியில் மெஷின் சரியில்லை என்கிறார்களாம். ஒருத்தியின் விரலை அது பாதி நாள் ஏற்பதே இல்லையாம். அவர்கள் மெஷினைத் திருப்பி அனுப்பினால் உன்னையும் அதோடு அனுப்பிவிடுவேன் என்றார். அந்த ஒருத்தி யார் என்று எல்லாருக்கும் தெரியும். அத்தை சோற்றைப் பிசைந்தபடியே அப்பாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

மறுநாள் அம்மா வேலைக்குப் போய்விட்டதால் அப்பா என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார். பிளாஸ்டிக் கம்பெனி அலுவலகத்தில் எல்லாரும் மிஸ் என்று அழைத்த ஒரு சீனப் பெண்மணி இருந்தார். வேலையாட்களின் விஷயங்களையெல்லாம் அவர்தான் கவனித்தார். நல்ல மாதிரி. என்னை உட்கார வைத்து மிட்டாய் கொடுத்தார். அத்தையைக் கூப்பிட்டுச் சுவரிலிருந்த மெஷினில் விரலை வைக்கச் சொன்னார். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடியும் வை என்று மெஷினுக்குள்ளிருந்து ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல் சொன்னது. அத்தை சட்டையில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், சிவப்பு. மூன்றாம் முறையும் சிவப்பு. அப்பா மெஷினின் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு, பொருத்தியபோதே அதில் பதிந்திருந்த தன் கட்டைவிரலை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. மெஷின் அவருக்கு நன்றி சொன்னது.

மிஸ்ஸுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மெஷின் விரலை ஏற்காவிட்டால், காவலாளியிடம் உள்ள புத்தகத்தில் கையெழுத்துப் போடலாம். புத்தகத்தில் எந்த நேரத்தை வேண்டுமானாலும் எழுதலாம். தாமதமாக வருவதை மறைப்பதற்காகவே சிலர் விரலைக் கெடுத்துக்கொண்டு வருவதாக வேறு கம்பெனிகளில் பேச்சு இருந்ததாம். அப்படி ஏதாவது செய்தாயா என்று அத்தையிடம் கேட்டார். அத்தை கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

பதில் எனக்குத் தெரியும். வழக்கின் முக்கியமான சாட்சி நான். நாற்காலியை விட்டு எழுந்து, பள்ளியில் படித்த சுத்தமான மலாயில், அத்தை தினமும் காலையில் விரலைச் செங்கல்லில் தேய்க்கிறார், நான் இரண்டு முறை பார்த்தேன் என்று சொன்னேன். மண்ணெண்ணெயைக்கூட விடவில்லை.

மிஸ் அப்பாவைப் பார்த்து, சிலருக்கு இயல்பாகவே ரேகை தேய்ந்திருக்குமா, மெஷின் அதை ஏற்காமல் போகுமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. அப்பா வாயைத் திறந்தார், எதுவும் சொல்லாமல் மூடிக்கொண்டார்.

அத்தை அதைப் பார்த்தார். பிறகு தமிழில், மெதுவாக, "தம்பி, மெஷினுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லு. என் வெரலுதான் சரியில்ல. நான்தான் தேய்ச்சேன்," என்றார்.

அப்பா அதை மலாயில் சொன்னார். ஒரு சொல்லைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அத்தை அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தபோது அதன் கயிறு கொண்டையில் சிக்கிக்கொண்டது. மிஸ் எழுந்து வந்து எடுத்துவிட்டார்.

வேனில் அத்தை நடுவிலும் நான் ஓரத்திலும் உட்கார்ந்து வந்தோம். அவர் என் மேல் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ புண்ணாகியிருந்த கட்டைவிரலை என்னிடம் நீட்டிக் காட்டினார். ரேகை இருக்க வேண்டிய இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கறுத்த வெடிப்புகள் மட்டும் இருந்தன.

"அந்தக் கண்ணாடி எவ்வளவு சுத்தமா இருக்கு பாத்தியா பாப்பா? பால் கறை புடிச்ச வெரல அது எப்படிப் புடிக்கும்? நானும் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தேன். போகமாட்டேங்குது லா," என்றார்.

தோட்டத்தில் ரப்பர் பால் விரலில் காய்ந்து ஒட்டிக்கொண்டால் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால் போய்விடுமாம். தன் விரலில் இருப்பதும் அழுக்குத்தான், அழுக்குப் போனால் மெஷினுக்குத் தன்னை அடையாளம் தெரிந்துவிடும் என்று நினைத்துத்தான் விடியற்காலையில் எழுந்து தேய்த்திருக்கிறார். தேய்க்கத் தேய்க்க, மிச்சம் மீதி இருந்ததும் போயிருக்கிறது. நான் அதை நம்பவில்லை. மாட்டிக்கொண்டவர்கள் எப்போதும் ஒரு காரணம் வைத்திருப்பார்கள் என்று விளையாட்டில் படித்திருந்தேன். அப்பா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை, வீடு வரும்வரை சாலையையே பார்த்து ஓட்டினார்.

அத்தை பிறகு ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போனார். அங்கே மெஷின் இல்லை. அப்பா வேலையில் நிலைத்தார், அந்தக் கம்பெனி இன்னும் இரண்டு மெஷின்கள் வாங்கியது. சாயங்காலத் தேநீரும் கருத்துகளும் தொடர்ந்தன. மெஷின் பொய் சொல்லாது என்ற அந்தக் கடைசி வரியை மட்டும் அவர் விட்டுவிட்டார். அதை நான் கவனிக்கவே வெகுநாள் ஆயிற்று.

நான் படித்து வேலைக்குப் போன பிறகு ஒரு நாள், வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மா சொன்னார். தோட்டத்தில் ரப்பர் பாலை உறைய வைக்க ஆசிட் ஊற்றிக் கலக்கும் வேலைக்கு, பன்னிரண்டு வயதில் அப்பாவைத்தான் கூப்பிட்டார்களாம். அத்தை குறுக்கே விழுந்து தடுத்திருக்கிறார். அவன் பள்ளிக்கூடம் போகட்டும், அவன் வேலையையும் சேர்த்து நானே செய்கிறேன் என்று. "எழுதற கை, அதுல ஆசிட் படக்கூடாதுன்னு சொன்னாங்களாம் உங்க அத்தை," என்றார் அம்மா. கையுறையெல்லாம் அப்போது யார் கொடுத்தார்கள். வருடக்கணக்காக இரண்டு பேர் வேலையை இரண்டு வெறுங்கைகள் செய்திருக்கின்றன.

இதெல்லாம் பின்னால் தெரிந்த கதை. அன்று வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அத்தையின் காலிக் கட்டத்துக்குக் கீழே இருந்த 'சந்தேகம்' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'குற்றவாளி ஒப்புக்கொண்டார்' என்று எழுதியதுதான். வழக்கு முடிந்த சந்தோஷத்தில் அதன் கீழே இரண்டு கோடுகளும் போட்டேன்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. டேப் மஞ்சளாகிவிட்டது. அம்மாவின் ரேகையும் என் ரேகையும் மங்கிவிட்டன. அப்பாவினுடையது மட்டும் இன்றைக்கும் அச்சடித்த மாதிரி இருக்கிறது, சுழி, வளைவு, கோடு எல்லாவற்றையும் எண்ணலாம். அதே தோட்டத்தில், அதே லயத்தில் பிறந்த இந்த விரல் மட்டும் எப்படி இவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அந்தத் துப்பறியும் சிறுமி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.