நீச்சல் குளம் இல்லை என்று எழுதினேன்

2024 செப்டம்பர் 14, சனிக்கிழமை, மாலை நாலு பத்து. கல்வராயன் மலைமேல் கரியாலூரில் பொடித்தூறல். எங்கள் விடுதி வாசலில் நின்ற காரிலிருந்து ஐந்து பேர் இறங்கினார்கள். அவர்களில் இரண்டு குழந்தைகளின் இடுப்பில் காற்றடித்த நீச்சல் வளையம்.

கணவனை இழந்த என் மகள், நகையை விற்று அந்த வீட்டை வாடகைக்கு எடுத்து, சுற்றுலா வருபவர்களுக்கு இரண்டு அறை விட்டிருந்தாள். அவளுக்கு வேறு வருமானம் இல்லை. எங்கள் இணையதளம் தேடலில் நாலாம் பக்கத்தில் கிடந்தது. கள்ளக்குறிச்சி கம்ப்யூட்டர் கடைக்காரர் சொன்னார்: "ஜனங்க இன்னா போட்டுத் தேடுறாங்களோ, அத்தெல்லாம் உங்க வெப்சைட்டுல இருக்கணும் சார். தேட ஆரம்பிச்சாலே கீழ வரிசையா காட்டும், பாருங்க."

பார்த்தேன். கல்வராயன் மலை நீச்சல் குளம் உள்ள விடுதி, ஏசி அறை, கேம்ப் ஃபயர். மூன்றும் எங்களிடம் இல்லை. முப்பத்தோரு வருடம் அரசாங்கக் கணக்கு எழுதியவன் நான். பொய் எழுத கை வராது. அதனால் உள்ளதை எழுதினேன்: 'எங்களிடம் நீச்சல் குளம் இல்லை. நீச்சல் குளம் தேடி வருபவர்களுக்குப் பக்கத்திலேயே அருவி உண்டு.' இப்படியே சுற்றிச் சுற்றி, நீச்சல் குளம் மட்டும் பதினோரு முறை. இரண்டு மாதத்தில் எங்கள் பக்கம் முதலிடத்துக்கு வந்தது. அன்று பெருமையில் மகளுக்கு மூன்று தடவை போன் செய்தேன்.

"பெரியவரே, நீச்சல் குளம் எங்க?" என்றார் காரில் வந்தவர்.

"இல்லைன்னுதாங்க எழுதியிருக்குது."

"இல்லாதத எதுக்குய்யா இத்தினி வாட்டி எழுதி வச்சிக்கினு கீற? விழுப்புரத்துலேர்ந்து வளையத்த மாட்டிக்கினு வருதுங்க பசங்க!"

போனைக் காட்டினார். தேடல் முடிவில் 'நீச்சல் குளம்' மட்டும் தடித்த எழுத்தில் தெரிந்தது. 'இல்லை' வருவதற்குள் வரி முடிந்துவிட்டது. அங்கேயே நின்று, எங்கள் விடுதிக்கு ஐந்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுக் கிளம்பினார். அடுத்தடுத்து வந்த நாலு வண்டிக்காரர்களும் அதையே செய்தார்கள்.

மகள் கத்தவில்லை. துவைத்த போர்வையை மடித்துக்கொண்டே கேட்டாள்: "இருக்கிறத எழுதியிருக்கலாமேப்பா. காலைல பனி ஜன்னல் வரைக்கும் வருது. நாம சாமைச் சோறு போடுறோம்."

"அத யாரும் தேடலம்மா" என்றேன்.

அவள் அடுத்த போர்வையை எடுத்தாள்.

அந்த வார்த்தைகளை எடுத்தேன். பக்கம் பழையபடி பின்னுக்குப் போனது. நட்சத்திரங்கள் மட்டும் போகவில்லை. மாசக்கணக்கில் யாரும் வரவில்லை. பொங்கலுக்கு முன்பே வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, மகள் கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடையில் நிற்கப் போனாள். நாள் முழுக்க நிற்கிறாள். நான் உட்கார்ந்து கட்டில், மெத்தை, வாடகை, வீட்டுக்காரர் முன்பணத்தில் பிடித்தது எல்லாவற்றையும் கூட்டினேன். கூட்டலில் நான் தப்பு செய்ததே இல்லை. இரண்டு லட்சத்து எழுபத்தொன்பதாயிரத்து நானூறு ரூபாய் நஷ்டம்.