இரண்டு அட்டையில் ஒரு எழுபத்தைந்து

காலை பெங்களூர் ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், தைராய்டு மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது.

தினமும் சேர்ந்து வேலைக்குப் போகும் எங்கள் பெட்டியில் இட்லி, சட்னி, சீட் எல்லாமே பங்குதான். விஷயத்தைச் சொன்னதும் கைப்பைகள் திறந்தன.

"உனுக்கு இன்னா டோஸ்?" என்றார் மைசூர் மைன்ஸ் பகுதியிலிருந்து வரும் சரோஜாக்கா.

"எழுபத்தஞ்சுக்கா."

"எங்கிட்ட தைராய்டு அம்பது கீது. மாலா, உங்கிட்ட?"

"இருபத்தஞ்சு இருக்குதுக்கா."

"அவ்ளோதான், சரியாப் போச்சு. ரெண்டையும் போட்டுக்கோ."

கடையில் எழுபத்தைந்து இல்லாதபோது டாக்டரே ஒருமுறை இப்படிச் சேர்த்துப் போடச் சொல்லியிருக்கிறார். அந்தத் தைரியத்தில் இரண்டையும் வாங்கிவிட்டேன். வாயில் போடுவதற்கு முன் மாலாவின் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.

"அடியே, இது பிபி மாத்திரைடி!"

"இருபத்தஞ்சுதானே கேட்டீங்க?"

சரோஜாக்கா அசரவில்லை. "யாருகிட்டனா வேற இருபத்தஞ்சு கீதா?" என்று பெட்டிக்கே குரல் கொடுத்தார்.

கடைசி சீட்டிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "எங்கிட்ட ஐந்நூறு கீதும்மா, சர்க்கரைக்கு. ஒடச்சிக் குடுக்கட்டா?"

மாத்திரைகளை உரியவர்களிடமே கொடுத்துவிட்டு டாக்டருக்கு போன் போட்டேன்.

நாளையிலிருந்து எனக்குச் சட்னி மட்டும் கொடுங்கள் மக்களே. படிக்கிற நீங்கள் சொல்லுங்கள், உங்கள் பெட்டியில் எப்படி?