"வெளியூர்" என்று நான் எழுதிய கட்டம்

எட்டு நாள் குழந்தையின் கண்ணில் எடுத்த சீழைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி, கிராம் ஸ்டெயின் என்ற சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சீழ் அணுக்களுக்குள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் இரண்டிரண்டாக, காப்பிக்கொட்டையை முகத்துக்கு முகம் வைத்த மாதிரி கிருமிகள். இதே கிருமியை இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே மேஜையில் பார்த்திருந்தேன். அது அந்தக் குழந்தையின் அப்பாவுடைய ஸ்லைடு.

அப்பா வந்த அன்றே அம்மாவையும் வரவழைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்ற யோசனை நல்லதுதான். இரண்டு மாதம் தாமதமாக வந்தது.

நான் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

1. செல்வம் அண்ணன் வந்த நாள்

செல்வம் அண்ணன் மலைக்குக் காய்கறி ஏற்றிப் போகிற வேன் டிரைவர். ஒருநாள் காலையில் லேப் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தார். ஒன்றுக்குப் போனால் எரிச்சல், கூடவே சீழ்.

"எஞ்சின் சூடு தம்பி. சீட்டுக்கு அடியிலதான எஞ்சினு இருக்கு. எளநி குடிச்சேன், மோரு குடிச்சேன். கொறஞ்சாப்ல இருந்துச்சு, திரும்ப வந்துருச்சு."

வெட்டை என்று ஊரில் சொல்லும் இந்த நோயைச் சூடு என்றுதான் பலரும் நம்புகிறார்கள். ஸ்லைடு பார்த்தேன். கொனோரியா.

"சூடு இல்லண்ணே, கிருமி. படுக்கையில ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்கு வர்றது. கக்கூஸ்ல இருந்து வராது, வெயில்ல இருந்து வராது. ஊசி போட்டா போயிரும். ஆனா வீட்ல அக்காவுக்கும் பாக்கணும்."

"ஏந் தம்பி, இன்னும் கல்யாணம் ஆகல, நீ எனக்குப் பாடம் எடுக்குற?" சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "அவ இங்க இல்லப்பா. ஏழாம் மாசம். வளைகாப்புப் போட்டு அவுக அம்மா கூட்டிட்டுப் போயிட்டாக. கொடைரோட்டுப் பக்கம். அவளுக்கு ஒரு தொந்தரவும் கெடையாது."

எங்கள் கிளினிக்கில் இந்த நோய்க்கு ஒரு கார்டு உண்டு. அதில் "துணைவர்" என்று ஒரு கட்டம். அதை நிரப்புவது என் வேலை. மனைவி பிறந்த வீட்டில் இருக்கிறார், இவரோடு இல்லை, அப்படியானால் பயமில்லை என்று எனக்கும் தோன்றியது. "வெளியூர்" என்று எழுதினேன். கார்டைப் பார்த்த டாக்டரம்மா, மனைவி நெடுநாளாகவே இங்கு இல்லை என்று நினைத்துக்கொண்டார். ஊசி போட்டு அனுப்பினார். வேலையைச் சீக்கிரம் முடித்த சந்தோஷத்தில் டீ குடிக்கப் போனேன்.

எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று நான் கேட்கவே இல்லை.

2. குழந்தை வந்த நாள்

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தது செல்வம் அண்ணனின் மனைவி ஜெயா. அண்ணன் பின்னால் நின்றார். குழந்தையின் இமைகள் இரண்டும் வீங்கி ஒட்டியிருந்தன. டாக்டரம்மா மெதுவாக விலக்கியபோது சீழ் கன்னத்தில் வழிந்தது.

"எத்தன நாளா?"

"மூணாம் நாள்ல இருந்துங்க டாக்டரம்மா. பொறந்த புள்ளைக்குக் கண்ணு பீளை தள்ளத்தான் செய்யும், தாய்ப்பால் விட்டா சரியாப் போகும்னாக. எம் பாலத்தான் விட்டேன். அஞ்சு நாளும் விட்டேன்."

ஸ்லைடைப் பார்த்துவிட்டு நான் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் உடனே குழந்தைக்கு ஊசி போட்டு, கண்ணைச் சலைன் விட்டுக் கழுவி, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். வண்டி வருவதற்குள் செல்வம் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஒனக்கு எப்பப்பா ஆரம்பிச்சுச்சு?"

"இங்க வாரதுக்கு மூணு வாரம் முன்னாடிங்க."

"வளைகாப்பு எப்ப?"

"இங்க வாரதுக்குப் பத்து நாள் முன்னாடி."

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். சீழ் வந்த பிறகும் பத்துப் பதினோரு நாள் இருவரும் ஒரே வீட்டில், ஒரே படுக்கையில் இருந்திருக்கிறார்கள். இளநீர் குடித்துக் குறைந்ததாக அவர் நினைத்த நாட்கள் அவை. ஜெயா வளையல் அடுக்கிக்கொண்டு பஸ் ஏறியபோது நோயும் கூடவே ஏறிவிட்டது. பெண்களில் பாதிப் பேருக்கு மேல் எந்த அறிகுறியும் காட்டாது. பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணில் போய்ப் பிடிக்கும். இதெல்லாம் எனக்குப் பாடத்தில் இருந்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

"அவகிட்ட நீ சொல்றியா, ஒன்ன வச்சுக்கிட்டு நான் சொல்லட்டுமா?" என்றார் டாக்டரம்மா.

அவரே சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்த ஜெயா அழவில்லை. கையில் இரத்தம் எடுக்க உட்கார்ந்தபோது என்னிடம் கேட்டார்.

"அன்னிக்கே ஒங்களுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும்க்கா."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டிருந்தா வந்திருப்பேன்ல? எங்கம்மா வீட்டுக்குப் பக்கத்துக் கடையில ஒத்த ரூவா போன் இருக்கு. கொடைரோட்டுல இருந்து எம்புட்டுத் தூரம்?"

முக்கால் மணி நேரம். டவுன் பஸ்ஸே வருகிறது. அந்தத் தூரத்துக்குத்தான் நான் வெளியூர் என்று எழுதியிருந்தேன்.

குழந்தைக்கு வலது கண் தப்பியது. இடது கண்ணில் கருவிழி ஓட்டையாகி, ஆறி, வெள்ளையாகிவிட்டது. ஜெயாவுக்கும் மருந்து கொடுத்துக் குணமானது. அன்றே வந்திருந்தால் இதே மருந்துதான். அதே ஊசி, அதே கால் மணி நேரம்.

3. இப்போது

கார்டை மாற்றிவிட்டேன். "வெளியூர்" என்று எழுத அதில் இடமே இல்லை. எந்தத் தேதியில் ஆரம்பித்தது, அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் யாரோடு இருந்தீர்கள், அவர் வர எந்த பஸ், எந்தக் கிழமை என்று மட்டும் இருக்கிறது. துணைக்கும் மருந்து கொடுத்து ஏழு நாள் கழியும்வரை கார்டை மூடுவதில்லை. எரிச்சல் நின்றால் நோய் நின்றது என்று அர்த்தமில்லை. ஒரு தடவை வந்து போனால் மறுபடி வராது என்பதும் இல்லை. கர்ப்பிணிகள் எல்லாருக்கும் பஞ்சுக்குச்சியில் ஒரு ஸ்வாப் எடுத்துப் பார்க்கலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "எழுதித் தர்றேன். நீ சலிக்காமப் பாப்பியா?" என்றார். பார்ப்பேன்.

வருகிற திங்கட்கிழமை காலை, லோடு மலையேறுவதற்கு முன், வேன் ஸ்டாண்டில் டிரைவர்களிடம் பேசப் போகிறேன். சின்னப்பையன் பேச்சை யார் கேட்பார்கள் என்ற பயம் இருக்கிறது. நேற்று செல்வம் அண்ணன் குழந்தையின் கண்ணைக் காட்ட வந்தபோது இதைச் சொன்னேன். குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"நானும் வாரேன். எனக்குப் பேசத் தெரியாது தம்பி. புள்ளையத் தூக்கிட்டு ஒம்பக்கத்துல நிக்கிறேன்."