அக்காவிடம் சொல்லப் போன மூன்று கிலோமீட்டர்

போன டிசம்பர் லீவில் இலங்கையில் மாத்தளைக்குப் போனது சுற்றிப் பார்க்க இல்லைங்க, அக்காவிடம் ஒரு விஷயம் சொல்ல. அம்மா அப்பா இல்லாத எனக்கு அவள் ஒருத்திதான். நானும் ரியாஸும் குடியிருப்பது இங்கிலாந்தில் வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன ஒரு ஊர். அங்கே ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் காதலித்த பழைய கதைகளைத் தெருத்தெருவாகச் சொல்லும் நடைப்பயணம் ஒன்று உண்டு, நாங்களும் போனோம். இரண்டு மணி நேரம், பன்னிரண்டு பவுண். ஊற்றில் குளித்து நோய் தீர்க்க வந்து, முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பெண்களின் கல்லறையில் 'தோழிகள்' என்றுதான் எழுதியிருக்கிறது. அதைக் காட்டி ரியாஸ் என்னை முறைத்தான். மாத்தளைப் பக்கம் கலேவெலக்காரன், ஏழு வருஷமாக என்னோடு வாழ்கிறவன். அக்காவுக்கு மட்டும் என் 'கூட்டாளி', வெறும் சிநேகிதன்; லீவுக்கு வந்தால் அவனுக்கு ஹோலில்தான் பாய்.

கண்டியிலிருந்து பஸ்ஸில் 26 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். நேரே அக்கா வீட்டுக்குப் போகத் தைரியம் வரவில்லை. டவுனில் ரூம் எடுத்தோம், 4,500 ரூபா. எங்களுக்கு முன்னால் நின்ற காதல் ஜோடியிடம் கல்யாண சர்டிபிகேட் கேட்டுத் திருப்பி அனுப்பினார் முதலாளி. எங்களிடம் "ஆம்பளைங்கதானே, பிரச்சின இல்ல தம்பி" என்று சொல்லி, தேனிலவு ரூமையே திறந்துவிட்டார். கட்டிலில் குளிக்கிற துவாயை மடித்துச் செய்த இரண்டு அன்னம் வேற.

மறுநாள் காலை 9.20க்கு, மூன்று கிலோமீட்டர் தள்ளி அக்கா வீடு இருக்கும் அலுவிகாரைக்கு ஆட்டோ, 400 ரூபா. அரைக்கால் சட்டையைப் பார்த்து வெளிநாட்டுக்காரர்கள் என்று முடிவு கட்டிய டிரைவர், கேட்காமலே மூலிகை மருந்து விற்கும் ஒரு ஸ்பைஸ் கார்டனுக்குள் விட்டார். அங்கே களிம்பு தடவி முடி கொட்டுவதைக் காட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்ல ரியாஸுக்கு வாய் வராது. காலில் தீப்பெட்டி அளவு வழுக்கையோடு அக்கா வீட்டுப் படி ஏறினான்.

அக்கா பிளேன்டீ ஊற்றும்போது சொல்லிவிட்டேன். "ரியாஸ் கூட்டாளி இல்லக்கா. நாங்க குடும்பமா வாழ்றோம்."

அக்கா கேத்தலை வைத்துவிட்டு உள்ளே போனாள். பத்து நிமிஷம் சாமான் இழுக்கிற சத்தம். அங்கே கிடந்த என் பழைய பெட்டியைத்தான் வெளியே வீசப் போகிறாள் என்று நினைத்தேன். வேர்த்து வழிய வந்தவள், தனக்கு ஒரு பாயை ஹோலில் விரித்தாள். உள்ளே எட்டிப் பார்த்தால், தன் கட்டிலை என் கட்டிலோடு ஒட்டிப் போட்டிருக்கிறாள்.

"ஏழு வருஷமா இந்தப் புள்ளய ஹோல்ல நுளம்புக் கடிக்குக் குடுத்திருக்கேனேடா. முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

போகிறவர்களுக்கு: ஸ்பைஸ் கார்டனுக்கு நீளக் கால்சட்டை போடுங்க. இரண்டு ஆண்களுக்கு ரூம் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் நம்மைக் குற்றவாளியாக்கும் சட்டம் இன்னும் மாறவில்லை, கவனம். வீட்டில் சொல்வது அவரவர் பாடு. நான் பயந்ததில் பாதிகூட நடக்கவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டால் அக்கா இன்னும் 'கூட்டாளி' என்றுதான் சொல்கிறாள். ஆனால் எனக்குப் பெண் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.