நாற்பதடிக்கு நாற்பதடி

எந்த உடம்பாக இருந்தாலும் சுற்றளவைச் சரியாக எடுத்துவிட்டால் சட்டை தானாக உட்காரும் என்பது அந்தத் தையல்காரரின் தீராத நம்பிக்கை. மார்பு, இடுப்பு, கழுத்து எல்லாமே சுற்றித்தானே அளக்கிறோம்! டேப் கழுத்தில் தொங்காமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. தெருவில் அவருக்கு 'இஞ்சு மாஸ்டர்' என்றே பெயர். அந்த நம்பிக்கைதான் அவரைக் கவிழ்த்தது. கவிழ்த்தவள் கூடப் பிறந்த அக்கா, கணக்கு டியூஷன் எடுப்பவள்.

அப்பா விட்டுப்போனது இரண்டே அறை. தெருவைப் பார்த்த முன்னறை பத்துக்குப் பத்து. அதை ஒட்டி ஒரு நீள அறை, பதினேழடி நீளம், மூன்றடி அகலம். முன்னறையில்தான் மாஸ்டரின் வெட்டு மேஜை கிடந்தது. மேஜையே நாலடி அகலம். பாகம் பிரிக்கையில் டியூஷனுக்கு முன்னறையைத் தான் எடுத்துக்கொண்டு நீள அறையைத் தம்பிக்குத் தருவதாக அக்கா சொன்னாள்; இரண்டும் ஒரே அளவுதானாம்.

"நீயே அளந்து பாருடா, உன் டேப்புலயே. அப்புறம் அக்கா ஏமாத்திட்டான்னு பேச்சு வரக் கூடாது."

மாஸ்டர் சுவரோரமாகச் சுற்றி வந்தார். முன்னறை நாற்பதடி. நீள அறையும் நாற்பதடி. ஒரு இஞ்சு கூடக் குறையவில்லை.

"பார்வைக்குச் சின்னதாத் தெரியுதேக்கா."

"நீளமா இருந்தா அப்படித்தான் தெரியும். கண்ணை நம்புவியா, டேப்பை நம்புவியா?"

"மேஜை உள்ள போகாதே?"

"ஓரத்தை அறுத்துடு, போயிடும்."

டேப்பை நம்பமாட்டேன் என்று அந்த மனுஷர் எந்த வாயால் சொல்வார்? பாகப்பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். மேஜையைத் தானே அறுத்தார். மேஜையில் ஒன்றரை அடி அகலம்தான் மிஞ்சியது; துணியை விரித்தால் தரையில் புரண்டது. அளவு கொடுக்க வந்தவர்கள் கையை விரித்தால் சுவரில் இடித்தது. ஆறே மாதத்தில் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் மாஸ்டர் ஒரு ரெடிமேட் கடைக்குப் பொத்தான் துளை போடும் காஜா வேலைக்குப் போனார். தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்குக் கொடுக்கும் வேலை அது.

அக்கா அவர் மகளுக்கு மட்டும் டியூஷன் இலவசமாக எடுத்தாள். என்ன தாராள மனசு என்று தெருவே மெச்சியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுத்த மேஜையில் உட்கார்ந்து மகள் வீட்டுப்பாடம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது ரொம்ப ஈசி. சதுரத்தோட பக்கம் எக்ஸ். செவ்வகத்துக்கு நீளம் எக்ஸ் கூட்டல் ஏ, அகலம் எக்ஸ் கழித்தல் ஏ. சுத்தி வந்தா ரெண்டும் நாலு எக்ஸ்தான். ஆனா பரப்பளவு சதுரத்துக்கு எக்ஸ் ஸ்கொயர், செவ்வகத்துக்கு அதுல ஏ ஸ்கொயர் குறைஞ்சிடும்."

"சுத்தளவு ஒண்ணுன்னா எப்படிம்மா குறையும்?"

"எக்ஸுக்குப் பத்தும் ஏவுக்கு ஏழும் போடச் சொல்லியிருக்காங்க அத்தை. பதினேழு மூணு அம்பத்தொண்ணு. பத்துப் பத்து நூறு. விகிதம் அம்பத்தொண்ணுக்கு நூறு. பாதிதாம்ப்பா!"

விடை வந்த சந்தோஷத்தில் சிரித்தாள். மாஸ்டர் இரண்டு பக்கச் சுவரையும் பார்த்தார். நோட்டைப் பிடுங்கிக்கொண்டு முன்னறைக்குப் போனார். அங்கே பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, இந்தக் கணக்கு உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

அக்கா நோட்டை வாங்கி, நிதானமாகச் சிவப்பு மையில் சரி போட்டாள்.

"ஒன்பதாவது படிக்கும்போதே தெரியும்டா."

பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "என் மருமக ஒருத்திதான் சரியாப் போட்டிருக்கா. எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினார்கள். பத்துப் பேரும் கையை நன்றாக விரித்துத் தட்ட அந்த அறையில் இடம் இருந்தது.